புது லேப்டாப்பில் ‘கீய்ய்’ என்று ஒரு சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேப்டாப் வாங்கிச் சில நாள்தான் ஆகிறது என்றால், மேலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டாம். கீழே ரிட்டர்ன், வாரண்டி பற்றிய கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள். செட்டிங்ஸை நோண்ட வருஷம் முழுக்க நேரம் இருக்கிறது. ரிட்டர்ன் கெடு முடிந்தால் முடிந்ததுதான்.

சத்தம் எதிலிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரவில், ஃபேனையும் ஏசியையும் அணைத்துவிட்டு உட்காருங்கள். முதலில் லேப்டாப்பின் ஒலியை மியூட் செய்யுங்கள். சத்தம் நின்றுவிட்டால் அது ஸ்பீக்கர் பக்கத்துச் சங்கதி. மதர்போர்டை, அதாவது உள்ளே இருக்கும் முக்கிய சர்க்யூட் பலகையை, சந்தேகப்பட வேண்டியதில்லை.

நிற்கவில்லையா? சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். அதோடு நின்றால் கீழே சார்ஜர் பற்றிய கேள்வியைப் பாருங்கள். அப்புறம் ஒரு நீளமான இணையப் பக்கத்தைத் திறந்து மேலும் கீழும் வேகமாக ஸ்க்ரோல் செய்யுங்கள். விரல் நகரும்போதே சத்தமும் சுருதி மாறி, விரல் நின்ற கணத்தில் பழைய நிலைக்குத் திரும்பினால், பெரும்பாலும் அது காயில் வைன். மதர்போர்டில் மின்சாரத்தைப் பதப்படுத்தித் தரும் காயில்களும் (கம்பிச் சுருள்கள்) கெப்பாசிட்டர்களும் (மின்சாரத்தைச் சற்றே தேக்கித் தரும் சிறு பாகங்கள்) அதிர்வதால் எழும் சத்தம் அது. ஃபேன் சத்தம் இப்படி மாறாது. ஃபேன் வேகம் எடுக்கவும் அடங்கவும் சில நொடிகள் பிடிக்கும். காயில் அதே கணத்தில் மாறும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இடத்தைக் குறிப்பாக அறிய ஒரு ஏ4 தாளைக் குழாயாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கீபோர்டின் மேலும் வைத்து மெதுவாக நகர்த்துங்கள். உயர்ந்த சுருதிச் சத்தம் சுவரிலும் மேசையிலும் பட்டுத் திரும்பி வருவதால், வெறும் காதுக்குத் திசை பிடிபடாது. குழாய் அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். ஆண்ட்ராய்டு போனில் ஸ்பெக்ட்ராய்டு போன்ற ஒரு ஸ்பெக்ட்ரம் செயலி இருந்தால் இன்னும் நல்லது. சத்தம் எத்தனை ஹெர்ட்ஸில் இருக்கிறது என்பது திரையில் ஒரு கூரான முனையாகவே தெரியும். அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

எனக்கு மட்டும்தான் கேட்கிறது. வீட்டில் யாருக்கும் கேட்கவில்லை. என் பிரமையா?

பிரமையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. வயது ஏற ஏற முதலில் குறைவது உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் திறன்தான். காது நன்றாக இருக்கும் ஒரு சிறுவனுக்கு 20,000 ஹெர்ட்ஸ் அருகில்கூடக் கேட்கும். அவன் தாத்தாவுக்கு 10,000 தாண்டினாலே சந்தேகம். 2005இல் வேல்ஸைச் சேர்ந்த ஹோவர்ட் ஸ்டேபிள்டன் இதை வைத்தே ஒரு கருவி செய்தார். கடை வாசலில் கூட்டம் போடும் பதின்வயதினரை மட்டும் விரட்டுகிற உயர்சுருதி ஒலிக்கருவி அது. பெரியவர்கள் அதைக் கவனிக்காமலே கடந்து போனார்கள்.

பழைய டப்பா டிவி உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கலாம். அடுத்த அறையில் ஒலியைக் குறைத்து வைத்து யாராவது டிவி பார்த்தால்கூட, டிவி ஓடுகிறது என்று குழந்தைகள் சொல்லிவிடுவார்கள். நம் ஊரில் இருந்த ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறை டிவியில் அது 15,625 ஹெர்ட்ஸ் சத்தம். அம்மா அப்பாவுக்கு அது கேட்டே இருக்காது.

ஆகவே வீட்டில் ஒரு பள்ளிப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர்களுக்கும் கேட்கவில்லை, லேப்டாப்பை முழுக்க அணைத்துவிட்டு வேறு அறைக்குப் போனாலும் உங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்றால் காது மருத்துவரைப் பாருங்கள். காதிரைச்சல் என்று ஒரு தொல்லை உண்டு. அதற்கு லேப்டாப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

உள்ளே ஹார்டு டிஸ்க்கும் இல்லை, ஃபேனும் ஓடவில்லை. அசையும் பாகமே இல்லாமல் சத்தம் எப்படி வரும்?

அசைகிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில்.

அடாப்டர் தருவது 19 அல்லது 20 வோல்ட். ப்ராசசருக்கு வேண்டியது ஏறக்குறைய 1 வோல்ட்தான், ஆனால் பல ஆம்பியர் கரண்ட். இந்த இறக்கத்தைச் செய்ய, ப்ராசசரை ஒட்டியுள்ள சில்லுகள் மின்சாரத்தை நொடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடுகின்றன. அப்படித் துண்டுதுண்டாக வருவதைச் சீராக்குவது காயிலும் கெப்பாசிட்டரும். காயிலில் கரண்ட் ஏறி இறங்கும்போது காந்தப்புலமும் ஏறி இறங்கும். கம்பிச் சுற்றுகளும் உள்ளே இருக்கும் காந்தப்பொருளும் இழுபட்டு விடுபடும். காந்தமேற்றினால் இரும்பின் நீளமே இம்மியளவு மாறும் என்பதை ஜேம்ஸ் ஜூல் 1842இலேயே பார்த்துவிட்டார். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் ‘ம்ம்ம்’ என்று முனகுவதும் இதனால்தான். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை இழுபடுவதால் அதன் சுருதி 100 ஹெர்ட்ஸ்.

கெப்பாசிட்டரின் கதை வேறு. மதர்போர்டில் நூற்றுக்கணக்கில் ஒட்டியிருக்கும் கடுகு சைஸ் பீங்கான் கெப்பாசிட்டர்கள் பலவற்றில் பேரியம் டைட்டனேட் இருக்கும். வோல்டேஜ் மாறினால் இந்தப் பொருள் துளி உப்பும், துளி சுருங்கும். இரண்டு முனையும் போர்டில் ஈயத்தால் ஒட்டியிருப்பதால், அது சுருங்கும்போது போர்டையும் சேர்த்து வளைக்கும். தனியாக இருந்தால் கெப்பாசிட்டர் எழுப்பும் ஒலி காதுக்கு எட்டாது; வீணைத் தந்திக்குக் குடம் எப்படியோ அப்படி அதற்கு மதர்போர்டு.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். நொடிக்குப் பல லட்சம் முறை என்றால் அது மனிதக் காதின் 20,000 வரம்பைத் தாண்டிவிடுகிறதே, பிறகு எப்படிக் கேட்கிறது? அந்தப் பல லட்சம் நமக்குக் கேட்பதில்லை. ப்ராசசர் வேலை செய்வதும் ஓய்வதுமாக மாறிமாறி இருக்கிறதல்லவா, அந்த மாற்றம் நொடிக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் வரை நடக்கும். கேட்பது அதுதான்.

ஒன்றுமே செய்யாமல் சும்மா வைத்திருக்கும்போதுதான் அதிகம் கத்துகிறது. வேலை கொடுத்தால் அடங்குகிறது. தலைகீழாக இருக்கிறதே?

இதுதான் பலரைக் குழப்புவது. காரணம் மேலே சொன்னதிலேயே இருக்கிறது.

பேட்டரியை மிச்சம் பிடிக்க, இக்கால ப்ராசசர்கள் ஒரு மில்லி நொடி சும்மா கிடைத்தாலும் தூங்கப் போய்விடும். இந்தத் தூக்க நிலைகளை சி-ஸ்டேட் என்பார்கள். எண் கூடக்கூடத் தூக்கமும் ஆழம். அப்புறம் ஏதாவது ஒரு சின்ன வேலைக்கு எழும், மறுபடி தூங்கும். ஒவ்வொரு முறையும் கரண்ட் குதிக்கும், விழும். மின்சாரம் தரும் சில்லும் தன் பங்குக்கு, தேவை குறைவாக இருக்கும்போது இடைவெளி விட்டு விட்டுத்தான் வேலை செய்யும். அந்த இடைவெளி காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் வந்து விழுந்தால் ‘கீய்ய்’. தொடர்ந்து வேலை கொடுத்தால் ப்ராசசர் தூங்குவதில்லை, கரண்டும் ஓரளவு சீராக ஓடுகிறது, சத்தம் அடங்குகிறது.

2006இல் இன்டெல் ப்ராசசரோடு வந்த முதல் மேக்புக் ப்ரோக்களில் இதே புகார் பரவலாக எழுந்தது. அப்போது பயனர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தார்கள். போட்டோ பூத் செயலியைத் திறந்து கேமராவை ஓடவிட்டால் சத்தம் நின்றுவிடுகிறது! கேமரா ஓடும்வரை ப்ராசசர் ஆழ்ந்து தூங்காது, அவ்வளவுதான் ரகசியம். ப்ராசசரைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வதை மட்டுமே செய்யும் குட்டி நிரல்களைக்கூடச் சிலர் எழுதி வெளியிட்டார்கள். விலை போதும் போதும் என்கிற அளவுக்குக் கொடுத்து வாங்கிய கருவியைச் சத்தம் போடாமல் வைக்க, கேமராவை நாள் முழுக்கத் திறந்து வைத்திருந்திருக்கிறார்கள்.

கேம் போட்டால் மட்டும் கத்துகிறது.

அது கிராஃபிக்ஸ் பக்கத்துக் காயில். முக்கியமாக கேமின் மெனு திரையில் கவனியுங்கள். வரைவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லாததால் கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குப் பல நூறு ஃப்ரேம்களை, அதாவது படங்களை, தள்ளும், சத்தமும் அந்த வேகத்திலேயே எழும். ஃப்ரேம் எண்ணிக்கையை 60 அல்லது உங்கள் திரையின் ரெஃப்ரெஷ் ரேட் அளவுக்குக் கட்டிப்போடுங்கள். கேமுக்குள் இதற்கு வி-சிங்க் என்ற செட்டிங் இருக்கும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் ‘மேக்ஸ் ஃப்ரேம் ரேட்’ இருக்கும். முழுக்கப் போகாவிட்டாலும் நன்றாகக் குறையும். வெப்பமும் குறையும் என்பது உபரி லாபம்.

சார்ஜர் மாட்டினால் மட்டும் சத்தம்.

சத்தம் லேப்டாப்பிலா, அடாப்டரிலா என்று முதலில் பாருங்கள். அடாப்டரைக் கையில் எடுத்துக் காதருகே கொண்டுபோனால் தெரிந்துவிடும். அடாப்டர் என்றால், பேட்டரி நிறைந்த பிறகு அல்லது லேப்டாப் அணைந்திருக்கும்போதுதான் பெரும்பாலும் கத்தும். லோடு குறைவாக இருக்கும்போது விட்டுவிட்டு வேலை செய்யும் அதே பழக்கம் அதற்கும் உண்டு. வாரண்டியில் அடாப்டரை மட்டும் மாற்றித் தரக் கேளுங்கள், மதர்போர்டை மாற்றச் சொல்வதைவிட எளிதில் ஒத்துக்கொள்வார்கள். யூஎஸ்பி-சி சார்ஜர் என்றால், அதே வாட் அளவுள்ள இன்னொன்றைக் கடன் வாங்கிச் சோதியுங்கள்.

லேப்டாப்புக்குள்ளிருந்து வருகிறது என்றால் இரண்டு காரணங்கள். ஒன்று, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் சர்க்யூட்டின் காயில். இது 100 சதவீதம் ஆனதும் நின்றுவிடும். மற்றொன்று, சார்ஜர் மாட்டியதும் விண்டோஸ் தாராளமாகச் செலவு செய்யும் பவர் நிலைக்கு மாறுவது. பவர் மோடை மாற்றிப் பார்த்தால் எது என்று புரியும்.

திரையின் வெளிச்சத்தைக் குறைத்தால் சத்தம் வருகிறது, முழுதாக வைத்தால் இல்லை.

பல லேப்டாப்களில் பிரைட்னஸைக் குறைப்பது என்றால், திரை விளக்கை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுவதுதான். முழு வெளிச்சத்தில் அந்தத் துடிப்பும் இல்லை, அதனால் எழும் சத்தமும் இல்லை. கீபோர்டு விளக்கும் இப்படித்தான். அதை நடு அளவில் வைக்காமல் முழுதாகவோ, முழுக்க அணைத்தோ வைத்துப் பாருங்கள். ‘மதர்போர்டு போச்சு’ என்று பதறியவர்கள் பலருக்குக் கடைசியில் கீபோர்டு விளக்கை அணைத்ததோடு வேலை முடிந்திருக்கிறது.

ஹெட்போன் மாட்டினால்தான் கேட்கிறது.

சார்ஜரைப் பிடுங்கினால் போய்விடுகிறதா? அப்படியானால் அது எர்த் வழியாக வரும் இரைச்சல். ப்ளூடூத் ஹெட்போன் தீர்த்துவைக்கும். விலை குறைந்த ஒரு யூஎஸ்பி ஒலி டாங்கிளும் சில சமயம் உதவும்.

உலோக உடல் லேப்டாப்பைத் தொட்டால் சார்ஜின்போது கையில் சுர்ரென்று உறுத்துகிறதா என்றும் பாருங்கள். இரட்டைப் பின் அடாப்டர்களில் இது சகஜம்; உள்ளே இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் மிகச் சிறிய கரண்ட் அது. ஆனால் மூன்று பின் அடாப்டரிலும் உறுத்தினால், உங்கள் சுவரில் உள்ள பிளக் பாயிண்டில் எர்த் ஒழுங்காக வராமல் இருக்கலாம். லேப்டாப்பை விட்டுவிட்டு முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு, அல்லது கன்வெர்ட்டர் போட்டு இரண்டு பின்னாக்கி எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள்.

இதனால் லேப்டாப் கெட்டுப்போகுமா? தீப்பிடிக்குமா?

காயில் வைன் மட்டும் என்றால் ஆபத்து இல்லை. கெடப்போகிறது என்பதற்கான அறிகுறியும் அல்ல. சத்தத்தோடு கருகிய வாடை, படபடவென்று பொறி தட்டும் ஒலி, தானாக அணைதல், டச்பேட் மேலெழும்புதல் இவற்றில் ஏதாவது இருந்தால் கதை வேறு. டச்பேட் எழும்பினால் கீழே பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

கொஞ்ச நாள் ஓட்டினால் தானாகப் போய்விடும் என்கிறார்களே?

சிலருக்குக் குறைகிறது, சிலருக்குக் கூடுகிறது, பலருக்கு அப்படியே இருக்கிறது. விற்பவர் இதைச் சொன்னால், ரிட்டர்ன் கெடு என்றைக்கு முடிகிறது என்று காலண்டரைப் பாருங்கள்.

செட்டிங்ஸில் என்னதான் செய்யலாம்?

முதலில் பயாஸையும் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) கிராஃபிக்ஸ் டிரைவரையும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதுப்பியுங்கள். மின்சாரத்தை எப்படி மேலும் கீழும் மாற்றுவது என்பதை நிர்ணயிப்பதில் பயாஸுக்குப் பங்குண்டு; அப்டேட் போட்டதும் சத்தம் குறைவதுண்டு.

சும்மா இருக்கும்போது கத்தும் லேப்டாப்புக்கும் வேலையின்போது கத்தும் லேப்டாப்புக்கும் மருந்து வேறு வேறு. இதைக் கலந்துகொண்டுதான் பலர் ‘எல்லாம் செய்து பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்கிறார்கள்.

வேலையின்போது கத்தினால்: கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் ‘மேக்சிமம் ப்ராசசர் ஸ்டேட்’ என்ற வரியை 100இலிருந்து 99 ஆக்குங்கள். பொதுவாக ‘டர்போ’ எனப்படும், ப்ராசசர் அவ்வப்போது எடுக்கும் கூடுதல் வேகம் நின்றுவிடும், கரண்ட் குதிப்பதும் குறையும். வேகமும் குறையும், சில ப்ராசசர்களில் நன்றாகவே உணர முடியும். புது லேப்டாப்கள் சிலவற்றில் இந்த வரியையே மறைத்து வைத்திருப்பார்கள். அப்படியானால் செட்டிங்ஸில் பவர் மோடை ‘பெஸ்ட் பவர் எஃபிஷியன்ஸி’ ஆக்கிப் பாருங்கள்.

சும்மா இருக்கும்போது கத்தினால்: பயாஸில் சி-ஸ்டேட் என்ற வரி இருந்தால் அதை அணைத்துப் பார்க்கலாம். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் அந்த வரி இருப்பதில்லை. லினக்ஸ்காரர்கள் கர்னலுக்குக் கொடுக்கும் மேக்ஸ் சி-ஸ்டேட் அளவுருவை 1 ஆக்கிச் சோதிக்கலாம். இதற்கெல்லாம் விலை பேட்டரி. ப்ராசசரைத் தூங்கவிடாமல் வைத்தால் சார்ஜ் சீக்கிரம் தீரும், அடிப்பாகம் சூடாகும், கடைசியில் ஃபேன் ஓட ஆரம்பிக்கும். ஒரு சத்தத்தை விரட்ட இன்னொன்றைக் கூப்பிட்டதாகிவிடும். என்னைக் கேட்டால் இது நோயைக் கண்டறிய நல்ல சோதனை, தினசரி வாழ்க்கைக்கு உகந்த வைத்தியம் அல்ல.

திரை 120 ஹெர்ட்ஸ் என்றால் 60க்கு இறக்கிப் பார்ப்பதும், யூஎஸ்பியில் செருகியிருப்பதை எல்லாம் ஒரு முறை கழற்றிப் பார்ப்பதும் காசில்லாத சோதனைகள்.

காயில் மேல் பசை ஊற்றினால் சரியாகும் என்று வீடியோவில் பார்த்தேன்.

மேசைக் கணினியின் பெரிய, திறந்த காயில்களுக்குச் சிலர் செய்வது அது. லேப்டாப்பில் உள்ளவை ஏற்கெனவே வார்த்து மூடிய சிறு கட்டிகள். வெளியே ஊற்றும் பசை உள்ளே போகாது. வாரண்டி மட்டும் போகும்.

ரிட்டர்ன் கேட்பதா, சர்வீஸ் சென்டருக்குப் போவதா?

கெடு இருக்கும்வரை ரிட்டர்ன் அல்லது மாற்று. இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. காரணம், காயில் வைனைப் பல நிறுவனங்கள் பழுதாகவே கணக்கில் எடுப்பதில்லை. ‘எங்கள் தர வரம்புக்குள்தான் இருக்கிறது’ என்பார்கள். கெடு முடிந்து வாரண்டிக்குள் வந்துவிட்டால், முடிவு அவர்கள் கையில்.

வாங்கும் தளத்தின் நிபந்தனையைப் படியுங்கள். லேப்டாப்புக்குப் பணம் திரும்பத் தருவதில்லை, மாற்று மட்டும்தான் என்று சில இடங்களில் இருக்கும். நிறுவனத்தின் டெக்னீஷியன் வந்து பார்த்துச் சான்று தந்தால்தான் மாற்று என்றும் இருக்கும். அந்தச் சான்றுக்கே நாள் ஓடிவிடும் என்பதால் சத்தம் கேட்ட அன்றே புகாரைப் பதியுங்கள். போனில் சொன்னால் போதாது, எழுத்தில் இருக்கட்டும். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். அட்டைப்பெட்டி, உள்ளே இருந்த தெர்மாகோல், பிளாஸ்டிக் உறை எதையும் தூக்கிப் போட வேண்டாம்.

சாட்சியமாக, போனை லேப்டாப்பின் அருகில் வைத்து வெட்டாமல் ஒரே வீடியோ எடுங்கள். சும்மா இருக்கும்போது, ஸ்க்ரோல் செய்யும்போது, சார்ஜரோடு, சார்ஜர் இல்லாமல் என்று எல்லாம் அதிலேயே வரட்டும். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டாக அனுப்பாதீர்கள். பேச்சுக்காகச் சுருக்கும்போது மேல் சுருதி காணாமல் போய்விடும். மூல வீடியோவை அப்படியே மின்னஞ்சலிலோ டிரைவிலோ கொடுங்கள், கூடவே அந்த ஸ்பெக்ட்ரம் ஸ்க்ரீன்ஷாட்டையும்.

சர்வீஸ் சென்டருக்கே போக வேண்டியதானால், அங்கே ஏசியும் கூட்டமும் இரைச்சலுமாக இருக்கும். ‘சார், ஒண்ணும் கேக்கலையே’ என்று சொல்லும் பையன் பொய் சொல்ல வேண்டியதில்லை, அவருக்கு உண்மையிலேயே கேட்காது. அமைதியான உள்ளறை ஒன்றில் பார்க்கச் சொல்லுங்கள். வேலை தாளில் ‘சத்தம் வருகிறது’ என்று மட்டும் எழுத விடாமல், எப்போது வருகிறது என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

ஒத்துவரவில்லை என்றால் இந்தியாவில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இலங்கையில் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் எண் 1977.

மாற்றி வந்த லேப்டாப்பும் கத்தினால்?

நடக்கும். ஒரே மாடலில் ஒன்று கத்தும், இன்னொன்று வாய் திறக்காது. காயிலின் சிறு வேறுபாடும் போர்டு எப்படி இறுக்கப்பட்டிருக்கிறது என்பதும்கூடக் காரணமாகலாம். ஆனால் இரண்டாவதும் அதே மாதிரி கத்தினால் அது அந்த மாடலின் குணம் என்று எடுத்துக்கொண்டு வேறு மாடலுக்குப் போங்கள். மதர்போர்டை மாற்றித் தருகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளலாம். வருவது அதே வடிவமைப்புப் போர்டுதான் என்பது தெரிந்திருக்கட்டும்.

அடுத்த முறை கடையிலேயே சோதித்து வாங்க முடியுமா?

கடை இரைச்சலில் கஷ்டம். டெமோ லேப்டாப் அமைதியாக இருந்தாலும், உங்கள் கையில் வரும் பெட்டி வேறு. வாங்கிய அன்றிரவே, போட்டோக்களையும் கோப்புகளையும் ஏற்றுவதற்கு முன், மேலே சொன்ன ஸ்க்ரோல் சோதனையைச் செய்துவிடுங்கள். கத்தினால் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, அப்படியே பெட்டியில் போட்டு மறுநாள் திருப்பிவிடலாம்.